உங்க ஹோம் லோனுக்கு ஒரு லூப் எழுதிப் பாருங்க, அது முடியுதான்னு தெரியும்

இன்னைக்கு மியூச்சுவல் ஃபண்ட் இல்லை, வருமான வரி இல்லை. புரோகிராமிங். "ஆடிட்டருக்கும் கோடிங்குக்கும் என்ன சம்பந்தம்"னு உடனே நகர்ந்துடாதீங்க, ஒரு பத்து நிமிஷம் கொடுங்க. கடன் வாங்கியிருக்கிற ஒவ்வொருத்தரும் பத்து வரியில ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதத் தெரிஞ்சு வெச்சிருக்கணும் என்பது என் கருத்து. "அதான் இஎம்ஐ கால்குலேட்டர் இருக்கே"ன்னு கேட்பீங்க. இருக்கு. ஆனா கால்குலேட்டர் வெளியே காட்டாத ஒரு விஷயத்தை இந்தப் பத்து வரி காட்டிடும்.

புரோகிராமிங் வகுப்புல லூப் சொல்லித் தரும்போது என்ன கணக்கு கொடுப்பாங்க? 1 முதல் 100 வரை கூட்டு. ஒரு எண்ணோட இலக்கங்களைக் கூட்டு. ஃபேக்டோரியல் கண்டுபிடி. நம்ம ஊர் பதினோராம் வகுப்பு கணினி அறிவியல் பாடத்துலயே இந்தச் சுழற்சி, தற்சுழற்சி எல்லாம் வந்துடுது. பசங்க எழுதுறாங்க, மார்க் வாங்குறாங்க, மறந்துடுறாங்க. ஏன் மறக்குறாங்க? 7-இன் ஃபேக்டோரியல் 5040 என்று தெரிஞ்சு வீட்டுல யாருக்கும் எதுவும் ஆகப்போறதில்லை. அதே லூப்பை அப்பாவோட ஹோம் லோனை வெச்சு எழுதச் சொல்லுங்க. வீட்டுல ஒரு பேச்சு கிளம்பும்.

ஒரு அக்கவுண்டன்ட்டுக்கு லூப் புது விஷயமே இல்லை. பேரேட்டுல நாங்க செய்யறது அதேதான். இந்த மாத இறுதி இருப்பு, அடுத்த மாத ஆரம்ப இருப்பு. அதுல வட்டியைக் கூட்டு, கட்டின பணத்தைக் கழி, வந்ததை அடுத்த மாதத்துக்குக் கொண்டு போ. பாஸ்புக்கோட ஒவ்வொரு வரியும் முந்தின வரியில இருந்துதான் பிறக்குது. இதைக் கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி எழுதினா அதுக்குப் பேர் லூப்.

எழில் என்று தமிழிலேயே ஒரு நிரல்மொழி இருக்கு, முத்தையா அண்ணாமலை உருவாக்கியது. அதில் எழுதினா இப்படி வரும்:

நிரல்பாகம் மாதங்கள்( கடன், வட்டி, தவணை )
    எண்ணிக்கை = 0
    @( கடன் > 0 ) வரை
        மாதவட்டி = கடன் * வட்டி / 1200
        கடன் = கடன் + மாதவட்டி - தவணை
        எண்ணிக்கை = எண்ணிக்கை + 1
    முடி
    பின்கொடு எண்ணிக்கை
முடி

பதிப்பி மாதங்கள்( 3000000, 7, 23259 )

கோடிங் தெரியாதவங்களும் இதைச் சத்தமா ஒரு தடவை படிங்க. கடன் பூஜ்யத்துக்கு மேல இருக்கும் வரை, மாத வட்டியைப் போடு, தவணையைக் கழி, ஒரு மாதம் எண்ணிக்கோ. அவ்வளவுதான். 1200 எங்கிருந்து வந்தது? வருஷத்துக்கு 12 மாதம், சதவீதத்துக்கு 100. பைத்தான் பழகினவங்க பைத்தானில் எழுதலாம், மாறிகளோட பேரைத் தமிழில் வெச்சாலும் அது ஏத்துக்கும். தர்க்கம் ஒண்ணுதான்.

30 லட்சம் கடன், 7% வட்டி, 23,259 ரூபாய் இஎம்ஐ. ஃபங்ஷன் 240 என்று பதில் சொல்லும். அதாவது 20 வருஷம். பேங்க் சொன்னதும் அதுதான். இதுவரைக்கும் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இப்போ 7-ஐ அழிச்சுட்டு 9.5-னு போடுங்க, இஎம்ஐயை மாத்தாதீங்க. நான் சும்மா எடுத்த எண் இல்லை இது. 2022 மே மாதம் ரிசர்வ் பேங்க் ரெப்போ விகிதத்தை ஏத்த ஆரம்பிச்சப்போ அது 4%. 2023 பிப்ரவரியில் 6.5%. பத்து மாசத்துக்குள்ள 2.5% ஏத்தம். ரெப்போவோட இணைச்ச ஹோம் லோன் வெச்சிருந்தவங்களுக்கு அந்த ஏத்தம் அப்படியே வந்து சேர்ந்தது. 7-ல் இருந்தவர் 9.5-க்குப் போனார். ஆனா பலருக்கு மாதாமாதம் அக்கவுண்ட்ல இருந்து போற தொகை மாறவே இல்லை, அதனால எதுவும் நடந்த மாதிரியே தெரியலை.

9.5-னு போட்டு ஓட்டினா என்ன ஆகும்? பதிலே வராது. கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டே இருக்கும், நீங்கதான் நிறுத்தணும். 30 லட்சத்துக்கு 9.5% என்றால் முதல் மாத வட்டி மட்டும் 23,750 ரூபாய். நீங்க கட்டறது 23,259. 491 ரூபாய் பத்தலை, அது அசலோட சேருது. அடுத்த மாதம் கடன் 30,00,491. அதுக்கும் வட்டி. கட்டக் கட்டக் கடன் வளருது. புரோகிராமர்கள் இதை முடிவிலா லூப் என்பாங்க. லோன் மொழியில் நெகட்டிவ் அமார்டைசேஷன். ரெண்டும் ஒரே வியாதி.

எக்செல்லில் இதே கேள்விக்கு என்பெர் என்று ஒரு ஃபார்முலா உண்டு. அதுல இந்த எண்களைப் போட்டா பிழைன்னு ஒரு குறியைக் காட்டிட்டு நின்னுடும். பார்க்கிறவர் "எங்கேயோ மைனஸ் குறி தப்பாப் போட்டுட்டோம் போல"ன்னு அந்தக் கட்டத்தை மாத்தி மாத்திப் போட்டுப் பார்ப்பார். லூப்ல அந்தக் குழப்பம் இல்லை. உள்ளே ஒரு பதிப்பி வரியைச் சேர்த்துவிட்டா 30,00,491, அதுக்கு மேல, அதுக்கும் மேலன்னு கடன் ஏறுறது கண் முன்னாடி ஓடும். அந்தப் பிழைக் குறிக்குப் பின்னாடி இருக்கிற கதை இதுதான்.

"ஒரே நாள்ல 7-ல இருந்து 9.5 ஆகாதே, அதுக்குள்ள கொஞ்சம் அசல் கட்டியிருப்பாங்களே"ன்னு நீங்க கேட்டா, சரியான கேள்வி. ஒரு வருஷம் 7%-ல ஒழுங்கா கட்டிட்டார்னு வைப்போம். பாக்கி 29,28,631 ரூபாய். அதுக்கப்புறம் 9.5% (படிப்படியா ஏறினதை எளிமைக்காக ஒரே தாவலா எடுத்திருக்கேன்). மாத வட்டி 23,185. கட்டறது 23,259. அசலுக்குப் போறது 74 ரூபாய். மாசம் இருபத்து மூணாயிரத்துச் சொச்சம் கட்டி, கடன் குறைஞ்சது எழுபத்து நாலு ரூபாய்.

மாதங்கள்( 2928631, 9.5, 23259 ) என்று ஓட்டுங்க. இந்தத் தடவை லூப் முடியும். பதில் 730. வருஷக் கணக்கில் 60 வருஷம் 10 மாதம்.

பேங்க் யாருக்கும் 61 வருஷம் லோன் தராது. வயது வரம்பு பார்த்து, ஒரு அளவுக்கு மேல காலத்தை நீட்ட முடியாதப்போ இஎம்ஐயை ஏத்திடுவாங்க. ஆனா அந்தக் கட்டம் வர்றதுக்கு முன்னாடி எத்தனை மாதம் அந்த 74 ரூபாய் ஆட்டம் நடந்ததுன்னு யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டாங்க.

என் ஆபீஸுக்கு வர்ற ஒரு க்ளையன்ட், ஐடியில் பன்னிரண்டு வருஷ அனுபவம். ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்தவர் ஹோம் லோன் வட்டிச் சான்றிதழை நீட்டினார். வருஷம் முழுக்கக் கட்டினதில் அசல் பகுதி நாலு இலக்கத்தைக்கூடத் தொடலை. "இதைப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். "எவ்வளவு வட்டி காட்டலாம்னு மட்டும்தான் சார் பார்ப்பேன்" என்றார். தினமும் பத்து லூப் எழுதற மனுஷன். தன் லோனுக்கு மட்டும் எழுதினதில்லை. என் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வெச்சு, அவரையே எழுதச் சொன்னேன். நாலு நிமிஷம்கூட ஆகலை. எண்ணைப் பார்த்துட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் பேசலை, அப்புறம் மனைவிக்கு போன் போட்டார்.

அவர் அன்னைக்கு ஓட்டிப் பார்த்த அடுத்த கேள்விதான் முக்கியமானது: இஎம்ஐயை எவ்வளவு ஏத்தினா எவ்வளவு குறையும்? அவர் எண்களை விட்டுடுவோம், நம்ம உதாரணத்திலேயே பார்க்கலாம். 23,259-ஐ 24,259 ஆக்குங்க. ஆயிரம் ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். 730 என்பது 396 ஆகிடும். 61 வருஷம் 33 வருஷமா சுருங்குது. மொத்தமா கட்டற பணம் சுமார் 1 கோடியே 70 லட்சத்தில் இருந்து சுமார் 96 லட்சத்துக்கு வருது. இன்னொரு ஆயிரம் ஏத்தினா 26 வருஷம் சொச்சம். முதல் ஆயிரம் 28 வருஷத்தை வெட்டிச்சு, ரெண்டாவது ஆயிரம் வெட்டினது ஏழு வருஷத்துக்கும் குறைவு. பழையபடி மீதி 19 வருஷத்திலேயே முடியணும்னா இஎம்ஐ 27,788 வேணும், அப்போ மொத்தம் 63 லட்சம் சொச்சம். "ஆயிரம் ரூபாய்ல என்ன பெருசா ஆகிடப் போகுது" என்று சொல்றவங்களுக்கு நான் அறிவுரை சொல்றதை விட்டுட்டேன். எண்ணை மாத்தி அவங்களையே ஓட்டச் சொல்லிடறேன்.

ரிசர்வ் பேங்க் இதைக் கவனிக்காம இல்லை. 2023 ஆகஸ்ட் 18 தேதியிட்ட சுற்றறிக்கை ஒண்ணு இருக்கு. மாறும் வட்டியில் இருக்கிற இஎம்ஐ லோன்களுக்கு வட்டி மாறும்போது, இஎம்ஐயை ஏத்தறதா, காலத்தை நீட்டறதா, ரெண்டையும் சேர்த்துச் செய்யறதா என்ற தேர்வைக் கடன் வாங்கினவருக்குக் கொடுக்கணும். காலத்தை நீட்டறது நெகட்டிவ் அமார்டைசேஷனில் போய் முடியக் கூடாது. மூணு மாதத்துக்கு ஒரு தடவை, இதுவரை கட்டின அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை இஎம்ஐ பாக்கி என்ற ஸ்டேட்மென்ட்டும் கிடைக்கணும். நல்ல விதி. ஆனா அந்தத் தேர்வு பெரும்பாலும் ஒரு எஸ்எம்எஸ்ஸோ, ஒரு மெயிலோவா வருது. வீட்டுச் செலவு ஏற்கனவே இறுக்கமா இருக்கிறவர், "இஎம்ஐ மாறாது" என்ற வரியைப் பார்த்ததும் நிம்மதியாகி மொபைலைக் கீழே வெச்சிடுவார். தேர்வு கொடுத்தா மட்டும் போதாது, ரெண்டு பக்கமும் என்ன விலைன்னு தெரியணும். அந்த விலையைச் சொல்றதுதான் இந்த ஃபங்ஷன்.

வட்டி இறங்கும்போதும் இதே கதைதான், திசை மட்டும் வேற. 2025 பிப்ரவரியில் இறங்க ஆரம்பிச்ச ரெப்போ, ஜூனில் 5.5-க்கு வந்தது. உங்க லோனுக்கு அது வந்து சேர்ந்ததா, சேர்ந்தா எத்தனை மாதம் குறைஞ்சதுன்னு பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இருக்கிற எண்ணையும் ஃபங்ஷன் சொல்ற எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒண்ணு ரெண்டு மாத வித்தியாசம் தேதிக் கணக்கால வரும், அதைப் பெருசு பண்ணாதீங்க. இருபது மாத வித்தியாசம் வந்தா பிராஞ்ச்ல போய் உட்காருங்க.

அடுத்தது ஃப்ளாட் ரேட். பைக் லோன், பர்சனல் லோன் விக்கிறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வார்த்தை. "1 லட்சத்துக்கு வருஷம் 12% மட்டும்தான் சார், ரெண்டு வருஷம்." கணக்கு: 24,000 வட்டி, மொத்தம் 1,24,000, 24-ஆல் வகுத்தா மாதம் 5,167. கேட்க நியாயமா இருக்கு. ஆனா பன்னிரண்டாவது மாதத்தில் நீங்க பாதி அசலைத் திருப்பிக் கொடுத்தாச்சு, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கு ஓடுது.

உண்மையான வட்டி என்ன? இதுக்கு நேரடியா ஒரு சமன்பாடு போட்டு விடை எடுக்க முடியாது. ஊகிச்சுத்தான் போகணும். அங்கேதான் லூப்போட அழகு. 0-க்கும் 100-க்கும் நடுவில் 50% என்று ஊகி. அந்த வட்டியில் நம்ம லூப்பை 24 தடவை ஓட்டு. கடைசியில் கடன் பாக்கி இருந்தா ஊகம் அதிகம், கடன் பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தா ஊகம் குறைவு. 50 அதிகம். சரி, பாதி, 25. அதுவும் அதிகம். 12.5 குறைவு. 18.75 குறைவு. 21.875 அதிகம். 20.3 குறைவு. இப்படியே பாதி பாதியா நெருக்கிப் போனா பத்தாவது ஊகத்திலேயே 21.6-க்குப் பக்கத்தில் வந்து நிப்பீங்க. சந்தையில் பேரம் பேசற மாதிரியேதான், அவர் ஒண்ணு சொல்வார், நீங்க ஒண்ணு சொல்வீங்க, நடுவில் வந்து முடியும். 12% என்று சொல்லி வித்த லோனோட நிஜ வட்டி சுமார் 21.6%. பிராசஸிங் ஃபீஸ் இதுல இன்னும் சேரலை.

2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கான சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளை கடன் கொடுக்கிறவர் தரணும். வருடாந்திர சதவீத விகிதம் அதுல இருக்கணும், தவணை அட்டவணையும் இருக்கணும். கையெழுத்துப் போடற இடத்துல "இது ஃபார்மாலிட்டி சார்"ன்னு சொல்லி அந்தத் தாளை வேகமாத் திருப்புவாங்க. திருப்ப விடாதீங்க. அதுல இருக்கிற விகிதமும் உங்க லூப் சொல்ற விகிதமும் ஒத்துப் போகுதா பாருங்க.

கிரெடிட் கார்டு இன்னொரு ரகம். மாதம் 3.5% வட்டி, அதுக்கு 18% ஜிஎஸ்டி, ஆக 4.13%. வட்டி சேர்ந்த பாக்கியில் 5% மட்டும் "மினிமம் டியூ"வா கட்டிக்கிட்டே வர்றீங்க, புதுசா எதுவும் வாங்கலை. பேங்குக்கு பேங்க் இந்த ஃபார்முலா கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. தவணையை நிலையான தொகையா கொடுக்காம, ஒவ்வொரு மாதமும் பாக்கியில் 5% என்று லூப்புக்குள்ள மாத்துங்க. 1 லட்சத்தில் ஆரம்பிச்சா, 60 மாதம் கழிச்சும் 52,000-க்கு மேல பாக்கி நிக்கும். இங்கே கடன் வளரலை, குறைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா கணக்குப்படி பூஜ்யத்தைத் தொடவே தொடாது, ஏன்னா கட்டற தொகையும் கூடவே குறையுது. "கடன் > 0" என்ற நிபந்தனை கடைசி வரைக்கும் உண்மையாவே இருக்கும். இதுவும் முடியாத லூப்தான், ஆனா பார்க்க முடியற மாதிரி வேஷம் போடும். ரெண்டுல இதுதான் ஆபத்தானதுன்னு நான் நினைக்கிறேன், ஏன்னா ஸ்டேட்மென்ட்டில் எண் ஒவ்வொரு மாதமும் இறங்கும், மனசு சமாதானமாகிடும்.

"இவ்வளவு எதுக்கு? ஏஐ கிட்ட கேட்டா எழுதித் தரப் போகுது"ன்னு சொல்றவங்களுக்கு: தாராளமா கேளுங்க. எழுதித் தந்த பிறகு முதல் மூணு மாதத்தைப் பேப்பரில் கைக்கணக்கா போட்டுப் பாருங்க. அசலுக்குப் போறது 74, 75, 75 என்று வரணும். வரலைன்னா வருஷ வட்டியை 12-ஆல் வகுக்காம விட்டிருக்கும், இல்லைன்னா வட்டிக்கு முன்னாடியே தவணையைக் கழிச்சிருக்கும். இதைக் கண்டுபிடிக்க லூப்போட உள்ளே என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். என்கிட்ட ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு வர்ற பசங்களுக்கும் முதல் வாரம் இதைத்தான் கொடுக்கிறேன். ஃபார்முலாவை மனப்பாடமா ஒப்பிக்கிறவங்க, எல்லா மாதமும் ஒரே இஎம்ஐ இருக்கும் வரைக்கும்தான் தாக்குப்பிடிக்கிறாங்க. நடுவில் வட்டி மாறினா, ரெண்டு மாதம் கட்டத் தவறினா, ஒரு தொகை முன்கூட்டிக் கட்டினா ஃபார்முலா கையை விரிச்சிடும். லூப்ல ஒரு வரி சேர்த்தா போதும்.

எழுதும்போது கவனிக்க ரெண்டு விஷயம். லூப்புக்குள்ள போறதுக்கு முன்னாடியே, தவணை முதல் மாத வட்டியைவிட அதிகமான்னு ஒரு கேள்வி வெச்சிடுங்க. இல்லைன்னா "இந்தக் கடன் முடியாது"ன்னு பதிப்பிச்சுட்டு வெளியே வரச் சொல்லுங்க, கம்ப்யூட்டர் தொங்காது. அப்புறம் கடைசி மாதம் கடன் மைனஸில் போகும். கடைசி இஎம்ஐ முழுசா தேவைப்படாது என்பதால் வர்றது அது, பிழை இல்லை. பைசா வரைக்கும் துல்லியம் வேணும்னா ரூபாயை விட்டுட்டு எல்லாத்தையும் பைசாவில் முழு எண்ணா வெச்சுக்கோங்க. தசமத்தில் கம்ப்யூட்டர் போடற கூட்டல் சில சமயம் நம்ம பேரேட்டோட ஒத்துப் போகாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் பைத்தானில் கூட்டிப் பாருங்க, சிரிப்பு வரும்.

பயிற்சிக்கு ஒண்ணு. இரட்டைப்படையா ஒற்றைப்படையான்னு பார்க்க வகுப்புல மீதி காணும் குறி ஒண்ணு சொல்லித் தந்திருப்பாங்களே, 2-ஆல் வகுத்து மீதி பார்க்கிறது. அதையே 12-ஆல் வகுத்துப் பாருங்க. எண்ணிக்கை 12-ஆல் மீதியில்லாம வகுபட்டா, அதாவது வருஷத்துக்கு ஒரு தடவை, போனஸ்ல இருந்து கூடுதலா ஒரு இஎம்ஐயைக் கடன்ல கழிக்கச் சொல்லுங்க. 30 லட்சம், 8.5%, 26,035 ரூபாய் இஎம்ஐ போட்டா சாதாரணமா 240 வரும். இந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்தா 201. உங்க எண்களுக்கு என்ன வந்ததுன்னு வீடியோவுக்குக் கீழே போடுங்க, 240-ல இருந்து எத்தனைக்கு வந்தீங்கன்னு பார்க்கிறேன்.